சபீனா அனுப்பிய பதினான்கு வரிகள்

யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பக்கூடிய எங்கள் கணினி நிரலுக்கு மாற்றம் அனுப்ப வருகிற புதியவர்களுக்காக ஒரு பக்கம் எழுதித் தரும்படி, இப்போது அதைப் பராமரிக்கிற நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. நாற்பத்தொரு விதிகள். எழுதியவன் நான்தான். முதலில் பிரச்சினையைப் பதிவு செய்யுங்கள், பிறகு நிரலை நகலெடுத்துத் திருத்துங்கள், சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் ஒரு கோரிக்கையில் ஒரே மாற்றம், சோதனை இல்லாத எதையும் ஏற்க மாட்டோம் என்று வரிசையாகப் போகும். எல்லாம் சரியான விதிகள். இன்றைக்கும் ஒன்றைக்கூட நீக்கச் சொல்ல மாட்டேன். அந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பது மட்டும் அதில் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சம்பளத்துக்குப் பார்த்த வேலையில் உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. பிரிண்டரும் பாஸ்வேர்டும்தான். எனக்கு வேலை என்று இருந்தது அதற்கு வெளியே, யாரும் சம்பளம் தராத இந்த நிரலில்தான்.

முதலில் என்னை ஒருவர் எப்படி நடத்தினார் என்று சொல்லிவிடுகிறேன். என் முதல் மாற்றத்தை ஒரு வெளிநாட்டுத் திட்டத்துக்கு அனுப்பினேன். எழுத்துருக்களைத் திரையில் காட்டுகிற நிரல் அது. தமிழில் கொம்பு இடம் மாறி விழுந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யப் போனவன் கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தி, தொள்ளாயிரம் வரிகளை ஒரே கட்டாக அனுப்பிவைத்தேன். அந்தத் திட்டத்தைப் பராமரித்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மூன்று ஆங்கில எழுத்துகள்தான் அவருடைய அடையாளம். ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. மறுநாள் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "இதில் எந்தத் தவறைச் சரிசெய்ய வந்தீர்கள்?" கொம்பு என்றேன். "அப்படியானால் கொம்பை மட்டும் தனியே எடுப்போம். நானும் உதவுகிறேன்" என்றார். பதினோரு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் பதில் வந்தது. எந்த வரி, ஏன், எப்படி என்று பொறுமையாகச் சொன்னார். தொள்ளாயிரம் வரி முப்பத்தாறாகச் சுருங்கி, என் பெயரோடு உள்ளே போயிற்று. அன்று மாலை பெரிய கோயில் புல்வெளியில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பொறுமை எனக்கு இலவசமாகக் கிடைத்தது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

எங்கள் நிரல் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இதை வெளியாட்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும் காலத்தில் ஒரு வாய்க்காலின் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. முறை வைப்பார்கள். ஒவ்வொரு ஊரின் பாசனப் பரப்பையும் பார்த்து, இந்த ஊருக்கு இத்தனை மணி நேரம், அது முடிந்தால் அடுத்த ஊர் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். கையால் போட்டால் சண்டை வரும். மேலே இருக்கிறவனுக்குச் சாதகமாகப் போட்டுவிட்டான் என்பார்கள். கணினி போட்டுக் கொடுத்தால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து இந்த நிரலை எழுதினோம். நினைத்தது நடந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வினை அதில்தான் இருந்தது.

நண்பர்கள் இருவரும் வேறு வேலை, வேறு ஊர் என்று விலகிவிட்டார்கள். எதை உள்ளே சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பது என் ஒருவன் கையில் வந்தது. கல்லூரியில் ஒரு நாற்காலி வாங்குவதற்குக்கூட நான் மூன்று பேரிடம் கையெழுத்துக்கு நின்றவன். இங்கே பெரிய கம்பெனிகளில் வேலை பார்க்கிற பொறியாளர்கள் என் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார்கள். அது என்னை என்ன செய்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சபீனா என்று நான் இங்கே பெயர் மாற்றிச் சொல்கிறவர் நன்னிலம் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். பி.சி.ஏ. படித்தவர். கணவர் வளைகுடாவில். சபீனாவின் அத்தாதான், அதாவது அப்பாதான், கடையில் துணைக்கு உட்கார்ந்திருப்பார். சிட்டா, அடங்கல் என்று நிலப் பதிவு நகல் எடுக்க வருகிற விவசாயிகள் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் போவார்கள். அந்தப் பக்கத்துப் பாசனச் சங்கத்தின் செயலாளர், தங்கள் வாய்க்காலின் பன்னிரண்டு ஊர்களுடைய பரப்பளவையும் எங்கள் நிரலில் ஏற்றும் வேலையைச் சபீனாவிடம் கொடுத்திருந்தார். ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு தவறைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நிற்காமல் அதைத் திருத்தி எங்களுக்கு அனுப்பினார்.

கூடவே ஒரு குறிப்பும் இருந்தது. அதை இப்போதும் அங்கே போய்ப் படிக்கலாம். "சார் வணக்கம். பரப்பளவு தெரியாத ஊருக்கு அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா நிரல் அதைப் பூஜ்யம்னு எடுத்துக்குது. காலி வேற, பூஜ்யம் வேற. பூஜ்யம்னா தண்ணி வேணாம்னு அர்த்தம். காலின்னா இன்னும் தெரியலன்னு அர்த்தம். நான் மாத்தியிருக்கேன். காலியா இருந்தா பட்டியல் போடாம நின்னு கேக்கும். கூட நாலு எழுத்துப்பிழை திருத்தியிருக்கேன். பட்டன் கலர் வெயில்ல தெரியல, அதையும் மாத்திட்டேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு தவறை விளக்கிய குறிப்பு எங்களுக்கு வந்ததில்லை. கல்லூரி கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே போனில் இதைப் படித்தேன். என் கண்ணில் பட்டது பட்டன் கலர்தான். மூன்று விஷயத்தை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறாரே என்றுதான் தோன்றியது. "ஒரு கோரிக்கையில் ஒரே மாற்றம். விதிகள் பக்கத்தைப் படிக்கவும். மூடப்படுகிறது" என்று எழுதி மூடினேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

இரண்டு நாளில் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பினார். எழுத்துப்பிழைகளை அன்றே சேர்த்தேன். பட்டன் கலரையும் சேர்த்தேன். யோசிக்க வேண்டியிராத வேலைகளைச் சேர்ப்பது சுலபம். காலிக் கட்டத்துக்கான பதினான்கு வரிகளின் கீழே மட்டும், "சோதனை எங்கே?" என்று கேட்டேன். அதாவது, இந்த மாற்றம் சரியாக வேலை செய்கிறது என்று நிரூபிக்கிற இன்னொரு சிறு நிரலையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

"சோதனை எப்படி எழுதணும்னு தெரியல சார். ஒரு மாதிரி காட்டினீங்கன்னா பாத்து எழுதிடுவேன்" என்று கேட்டார். நான் விதிகள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் சோதனை எழுத வேண்டும் என்றுதான் இருந்தது. எப்படி என்று இல்லை. அது எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்துச் சோதனையும் வந்தது. எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டாரோ தெரியாது. நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் புதிதாக எது வந்தாலும் தானாகச் சரிபார்க்கிற ஒரு பொறியை நான் வைத்திருந்தேன். அது சிவப்புக் குறி போட்டது. மூன்று வரிகளின் கடைசியில் வேண்டாத இடைவெளி இருந்ததுதான் காரணம். மூன்று முறை விசையைத் தட்டினால் போய்விடும். என் கையாலேயே தட்டியிருக்கலாம். "சரிபார்ப்பு தோல்வி. திருத்தவும்" என்று எழுதினேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. என் எண் திட்டத்தின் இணையப் பக்கத்திலேயே இருந்தது.

"சார், சபீனா பேசுறேன். நன்னிலத்துலேருந்து. அந்தச் செவப்புக் குறி எதுக்குன்னு புரியல சார்."

"அதுலயே எழுதியிருக்கும்மா. படிச்சுப் பாருங்க."

"படிச்சேன் சார். ஒயிட்ஸ்பேஸ்னு போட்டிருக்கு. எந்த வரின்னு தெரியல."

"இதெல்லாம் போன்ல கேக்கக் கூடாதும்மா. அங்கயே எழுதிக் கேளுங்க. நாலு பேருக்குப் பதிவா இருக்கும்."

பிறகு சொன்னார். "சரிங்க சார். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். இந்த வாய்க்கால்ல கடைசி ஊருக்குப் பரப்பளவு இன்னும் வரல. மறுபடியும் அளக்குறாங்களாம். தப்பா ஒண்ணைப் போட வேணாம்னு காலியாத்தான் விட்டிருக்கேன். முறை வைக்கிறதுக்கு முன்னாடி இது சேந்துட்டா நல்லது."

"பாத்துக்கலாம்மா" என்றேன்.

எந்த வாய்க்கால் என்று நான் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து ஒருவர் இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள் அனுப்பினார். எங்கள் துறையில் பெயர் தெரிந்த ஆள். மாநாடுகளில் பேசுகிறவர். எங்கள் நிரலின் மையப் பகுதியையே புதிதாக எழுதித் தந்திருந்தார். பிரச்சினையைப் பதிவு செய்யவில்லை. ஒரு கோரிக்கையில் குறைந்தது இருபது மாற்றங்கள். சோதனை பாதிக்குத்தான் இருந்தது. என் நாற்பத்தொரு விதிகளில் ஒரு டஜனையாவது அவர் மீறியிருந்தார். இரண்டே நாளில் சேர்த்தேன். "பெரும் உதவி, நன்றி" என்று எழுதினேன். நான் படித்தது அதில் கால்வாசி இருக்கும். அவர் நம் நிரலைத் தொட்டார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் படிக்காத பகுதியில் ஒரு சின்ன அழகுபடுத்தல் இருந்தது. அதுவரை ஓர் ஊருக்குப் பூஜ்யம் மணி நேரம் என்று வந்தால், பட்டியலில் ஊர்ப் பெயரும் பக்கத்தில் பூஜ்யமும் தெரியும். பார்க்கிறவர் இது என்ன என்று கேட்டிருப்பார். புதிய நிரல் அப்படிப்பட்ட வரியையே காட்டாது. போன் திரையில் இடம் மிச்சம் என்று அவர் செய்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எங்கள் வாய்க்கால் தெரியாது. எனக்குத் தெரியும்.

மையப் பகுதியே மாறிவிட்டதால் சபீனாவின் பதினான்கு வரிகள் இப்போது பொருந்தவில்லை. "நிரல் மாறிவிட்டது. புதிய வடிவத்துக்கு ஏற்ப மறுபடி எழுதி அனுப்பவும்" என்று தெரிவித்தேன். நான்காவது முறை. அவர் எழுதிய பதில் இது. "சரிங்க சார். இனிமே அனுப்பல." கோரிக்கையை மூடினேன். ஒரு வேலை குறைந்தது என்று நினைத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த வருடம் சம்பா நடவு முடிந்த சமயத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஐப்பசி மழையும் பிந்தியது. நன்னிலம் பக்கத்து வாய்க்கால்களில் முறை வைத்தார்கள். எங்கள் நிரல் பட்டியல் போட்டது. சங்கத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மதகு திறக்கிற ஆள் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் திறந்து மூடினார்.

இருபது நாள் கழித்து என் அக்கா போன் செய்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தனலெட்சுமி. எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்தவர்கள். என்னைப் படிக்க வைத்ததும் அந்தக் கூலிதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தன் பெயரில் பட்டா வாங்கியவர் அக்கா. ஒரு ஏக்கர். வாய்க்காலின் கடைசி ஊரில்.

"தம்பி, எங்க ஊருக்கு ரெண்டு முறையா தண்ணியே வரல. மதகுக்காரர கேட்டா, லிஸ்ட்ல உங்க ஊரே இல்லங்கிறாரு. அது நீ எழுதுன கம்ப்யூட்டர் லிஸ்டாமே."

"அதெல்லாம் விட்டுப்போகாதுக்கா. மேல யாராவது அடைச்சிருப்பான். சங்கத்துல போய்க் கேளுங்க."

"கேட்டாச்சுடா. அவரும் லிஸ்டத்தான் காட்டுறாரு."

"கம்ப்யூட்டர்ல தப்பு வராதுக்கா."

நான் சொன்னது அதுதான். பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. கணினியைத் திறக்கவும் இல்லை. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. கல்லூரியில் தேர்வு நேரம், வேலை இருந்தது. அது காரணமில்லை. நம்முடையதில் தவறு இருக்காது என்று உண்மையாகவே நம்பினேன். மூன்றாம் நாள் அக்கா யாரையோ விட்டுப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஊர்ப் பெயர்களை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். ஒரு வரி விடுபட்டதாகவே தெரியாதபடி பட்டியல் அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காலி பூஜ்யமாகி, பூஜ்யம் மறைந்துவிட்டது. கை தானாகவே சபீனாவின் மூடிய கோரிக்கையைத் திறந்தது. பதினான்கு வரிகள். நிரலுக்குள் வருகிற இரண்டு பெயர்களை மட்டும் மாற்றி, புதிய நிரலில் பொருத்தினேன். பொருந்தாது, மறுபடி எழுது என்று நான் சொன்ன அதே வரிகள்தான். கால் மணி நேர வேலை. சோதனையும் அவருடையதையே எடுத்தேன். யாரிடமும் காட்டாமல், யார் ஒப்புதலும் இல்லாமல் நேராகச் சேர்த்தேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் விழுந்தது. அவசரத்தில் அப்படி ஆகிவிட்டது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் பெயரைப் போட இன்னும் ஒரு வரி தட்டியிருந்தால் போதும்.

மறுநாள் காலை ஊருக்குப் போனேன். திருவாரூர் வரை பஸ், அங்கிருந்து ஒருவருடைய வண்டி. அக்கா வரப்பில் நின்றிருந்தார். வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பயிர் நுனியிலிருந்து பாதிவரை கருகி, கையால் தொட்டால் நொறுங்கியது. குளம் பக்கத்தில் இருந்தவர்கள் இன்ஜின் வைத்து இறைத்துக் கொஞ்சம் காப்பாற்றியிருந்தார்கள். அக்காவின் வயல் குளத்துக்குத் தொலைவு. மறுபடி நட நாற்றும் இல்லை, நாளும் இல்லை.

"இருபது நாள் ஏங்க்கா யாரும் கேக்கல?" என்றேன். எனக்கு அப்போதும் அடுத்தவர்மேல் ஒரு தவறு தேவைப்பட்டது.

"நமக்கு எப்பவும் கடைசியாத்தானே வரும். வரும் வரும்னு இருந்தோம்" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் வயலையே பார்த்தார். "தண்ணி இல்லாமப் போனா பொறுத்துக்கலாம் தம்பி. பேரே இல்லாமப் போனா என்ன சொல்றது. நம்ம பேர யாரும் எதுலயும் எழுதுனதில்ல. சரி, இப்ப எழுதுறது நம்ம வீட்டுப் பிள்ளைதானேன்னு இருந்தேன்."

அன்று மதியம் சங்கத்துச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். அறுபது வயதுக்காரர், நல்ல மனிதர். முகம் வெளுத்திருந்தது.

"சார், சாயங்காலம் ஊர்க்காரங்க எல்லாரும் வர்றாங்க. நான் என்ன சொல்லட்டும்? இது யாரு தப்பு?"

இந்தத் தொழிலில் நெருக்கடி என்றால் சர்வர் விழுவது, வைரஸ் வருவது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு வந்த நெருக்கடி இந்த ஒரு கேள்விதான். பதில் தெரியும். சொல்வதற்கு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. என் அக்காவின் ஊர், நான் எழுதிய நிரல், நான் தள்ளிவிட்ட திருத்தம். இதில் எதைத் தொட்டாலும் நான் வெளியே வந்துவிடுவேன்.

"நிரல் சரியாத்தாங்க இருக்கு" என்றேன். "அந்த ஊருக்குப் பரப்பளவுக் கட்டம் காலியா இருந்திருக்கு. ஏத்துனவங்க பாத்துச் செஞ்சிருக்கணும்."

"அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் பொண்ணா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்றே திட்டத்தின் பக்கத்திலும் ஓர் அறிக்கை போட்டேன். காரணம்: தரவு ஏற்றியதில் விடுபாடு. நடவடிக்கை: நிரலில் கூடுதல் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. இரண்டு வரியும் பொய்யில்லை என்று எவனும் வாதிடலாம். அப்படி எழுதத்தான் எனக்குத் தெரியுமே.

அடுத்த நாள் சபீனாவின் கடைக்கு ஊர்க்காரர்கள் திரண்டு போனார்கள். அதில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். சங்கம் அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டது. அவர் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர் என்பது வரைக்கும் அந்தப் பேச்சு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் எங்கும் வந்து மறுப்பு எழுதவில்லை. "நான் அப்பவே சொன்னேன், போன்லயும் சொன்னேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எல்லாம் திரும்பியிருக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் திறந்து, எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பேன். எழுதவில்லை. அதில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அக்கா ஒருமுறை கேட்டார். "அந்தப் பொண்ணுதான் விட்டுட்டாமே?" நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. ஓய்வு பெற்றேன். திட்டத்தை உங்களிடம் ஒப்படைக்கும் வேலை நடந்தபோது, உங்களில் ஒருவர், பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எனக்கு எழுதினார். "ஐயா, நீங்கள் எழுதிய இந்தப் பதினான்கு வரியும் அதற்கு முந்தைய ஒரு கோரிக்கையில் அப்படியே இருக்கிறதே. அது ஏன் மூடப்பட்டது?" அவர் குற்றம் சாட்டவில்லை. புரியாமல்தான் கேட்டார். நம் தொழிலில் எதையும் அழிக்க முடியாது. யார் எப்போது எதை அனுப்பினார், யார் என்ன பதில் சொன்னார் என்று எல்லாம் அங்கேயே கிடக்கும். யாரோ ஒருவர் கேட்கும்வரை யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

என் மனசாட்சி விழித்தது என்று எழுத ஆசைதான். அது நடக்கவில்லை. ஒருவர் கேட்டுவிட்டார், அதனால் செய்தேன். அறிக்கையைத் திருத்தி எழுதினேன். தவறை முதலில் கண்டவர் யார், நான் எத்தனை முறை தள்ளினேன், போனில் என்ன சொன்னார், பிறகு நான் என்ன செய்தேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். சங்கத்துச் செயலாளருக்கு ஒரு நகல் அனுப்பினேன். அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. "அன்னைக்கு நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார். அதற்குப் பிறகு அக்கா என்னிடம் நிரலைப் பற்றிப் பேசியதே இல்லை.

பிறகு நன்னிலம் போனேன். கடை அதே இடத்தில் இருந்தது. ஒரு பெரியவருக்கு அடங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் சபீனா. நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியுது சார். குரல் ஞாபகம் இருக்கு. உக்காருங்க" என்றார்.

பெரியவர் போனதும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த அறிக்கையைக் கொடுத்தேன். நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். மடித்து மேசையில் வைத்தார்.

"எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க சார்."

"அந்த வரிகளுக்கு எழுதியவர்னு உங்க பேரைப் போடணும். நீங்க சரின்னா இன்னைக்கே மாத்திடச் சொல்றேன்."

"வேணாம் சார்."

"அது உங்க வேலைங்க. உங்க பேருதான் இருக்கணும்."

"ஒரு தடவை என்னப் பத்தி எழுதுனீங்க. கடை வாசல்ல நாப்பது பேரு நின்னாங்க. அத்தா ஷட்டர இழுத்து விட்டுட்டு உள்ளயே உக்காந்திருந்தாங்க. ஒரு வாரம் வெளிய வரல." அவர் குரலை உயர்த்தவில்லை. "இப்ப நல்லதா எழுதினாலும் அந்தப் பக்கத்துல எம்பேரு வேணாம் சார்."

"இப்ப நிரல் எழுதுறதில்லையா நீங்க?"

"எழுதுறேனே. வேற ஒரு திட்டத்துக்கு அனுப்புறேன். வெளிநாட்டுக்காரங்க. புரியலன்னா கேக்குறேன், சொல்லித் தர்றாங்க. அவ்வளவுதான் சார்."

வாசலில் இரண்டு பேர் காகிதத்தோடு வந்து நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்து, "வாங்க, என்ன எடுக்கணும்?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. அனுப்புகிறவர்கள் நாற்பத்தொரு விதிகளையும் படியுங்கள், சின்னதாக அனுப்புங்கள், ஏன் என்று எழுதுங்கள். அனுப்பியதைப் பார்க்கப்போகிற இடத்தில் நீங்கள் என்றாவது உட்காருவீர்கள். வந்திருக்கிற பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, குறிப்பை முதலில் படியுங்கள். விதி மீறியிருந்தால், அதைச் சரிசெய்ய உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று பாருங்கள். மூன்று விசைத் தட்டு என்றால் தட்டிவிடுங்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றினால் அதுவும் சரிதான்.

மாற்றம் எதுவும் எழுதியவர் பெயரில்லாமல் உள்ளே இருக்க முடியாது. அவர் தன் பெயரைத் தர மறுத்துவிட்டார். அதனால் அந்தப் பதினான்கு வரிகளை நீங்கள் எப்போது திறந்து பார்த்தாலும், எழுதியவர் என்று என் பெயர்தான் வரும்.